நச்சுப் பொருள்களும் முன்னாள் போர்வீரர் உதவித்தொகையும்: அத்தாட்சியும் அனுமானமும்

போர்க்களத்தில் குண்டடிபட்ட வீரருக்கு உதவித்தொகை வழங்குவதில் எந்த அரசாங்கத்திற்கும் பெரிய ஐயம் எழுவதில்லை. காயம் கண்ணுக்குத் தெரிகிறது. அது பட்ட நாளும் இடமும் படைப்பிரிவின் பதிவேட்டில் காணப்படும். உடனிருந்தோர் சாட்சி கூறுவர். காரணமும் காரியமும் அடுத்தடுத்து நிற்பதால், ஒன்றை மற்றொன்றோடு இணைத்துக் காட்டுவது எளிது.

நச்சுப் பொருளால் விளையும் கேடு இத்தகையதன்று. அது உடலில் நுழைந்த நாளை வீரரே அறியார். நோய் தோன்றுவதற்கு இருபது அல்லது முப்பது ஆண்டுகள் செல்லலாம். அவ்வாறு தோன்றும் நோயும் புதுமையான ஒன்றாக இருப்பதில்லை. படையில் சேராதவருக்கும் வரக்கூடிய நீரிழிவாகவோ, இருதய நோயாகவோ, புற்றுநோயாகவோ இருக்கிறது. "இந்நோய் படைப்பணியால் வந்தது" என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? மெய்ப்பிக்கவே இயலாதபோது இழப்பு யாரைச் சேரவேண்டும்? இவ்வினாக்களுக்கு ஐக்கிய அமெரிக்க நாடுகள் அரை நூற்றாண்டுக் காலமாக விடை தேடி வந்துள்ளன. அவ்வரலாறு, விஞ்ஞான உண்மை எவ்வாறு சட்டமாக மாறுகிறது என்பதை நன்கு விளக்குவதாகும். ஆகையால் அதனை இங்குச் சற்று விரிவாக நோக்குவோம்.

விண்ணப்பத்திற்கு வேண்டிய மூன்று அத்தாட்சிகள்

அமெரிக்காவில் முன்னாள் போர்வீரர் நல இலாகா என்னும் மத்திய அரசாங்க அமைப்பு இவ்வுதவித்தொகையை வழங்குகிறது. சாதாரண முறையில் விண்ணப்பிப்பவர் மூன்று செய்திகளை நிறுவவேண்டும். முதலாவது, அவருக்கு இப்பொழுது ஒரு நோயோ இயலாமையோ உள்ளது என்பது. இரண்டாவது, படைப்பணியின்போது அதற்குக் காரணமாகக்கூடிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது என்பது. மூன்றாவது, இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது.

இம்மூன்றாவது செய்திக்குப் பெரும்பாலும் மருத்துவரின் கருத்துரை தேவைப்படும். கருத்துரை முழு உறுதியுடன் இருக்கவேண்டும் என்பதில்லை. தொடர்பு இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வாய்ப்பு சமமாக இருந்தால் போதுமானது. அனுகூலமான சாட்சியமும் பிரதிகூலமான சாட்சியமும் தராசின் இரு தட்டுகளைப் போலச் சமமாக நிற்குமாயின், ஐயத்தின் பயனை விண்ணப்பதாரருக்கே அளிக்கவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

இவ்விதி தாராளமானதாகவே தோன்றும். ஆயினும் நச்சுப் பொருள்களைப் பொறுத்தவரையில் இது நெடுங்காலம் பயன் தரவில்லை. ஏனெனில் இரண்டாவது அத்தாட்சியும் மூன்றாவது அத்தாட்சியும் வீரரின் கைக்கு எட்டாதனவாக இருந்தன. இதனை வியட்நாம் யுத்தத்தின் எடுத்துக்காட்டு தெளிவாக்கும்.

ஆரஞ்சுப் பட்டையிட்ட பீப்பாய்கள்

1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானப்படை தென் வியட்நாமின் காடுகள்மீதும் பயிர்கள்மீதும் களைக்கொல்லி மருந்துகளைத் தெளித்தது. எதிரிப் படையினர் ஒளிந்துகொள்ளும் மரநிழலை அகற்றுவதும், அவர்களுக்குக் கிடைக்கும் உணவை அழிப்பதும் இதன் நோக்கங்கள். தெளிக்கப்பட்ட மருந்தின் மொத்த அளவு ஏழு கோடி லிட்டருக்கு மேற்பட்டது என மதிப்பிடப்பட்டுள்ளது. மருந்துகள் பலவகைப்பட்டன. அவை அடைக்கப்பட்ட 208 லிட்டர் பீப்பாய்களில் வெவ்வேறு நிறப் பட்டைகள் தீட்டப்பட்டிருந்தன. மிகுதியாகப் பயன்பட்ட வகையின் பீப்பாயில் ஆரஞ்சு நிறப் பட்டை இருந்தது. எனவே அது 'ஏஜண்ட் ஆரஞ்சு' எனப் பெயர் பெற்றது.

இம்மருந்து இரு பொருள்களின் சமபங்குக் கலவை. ஒன்று, 2,4-டி என நம் வேளாண்மைத் துறையினர் நன்கு அறிந்த களைக்கொல்லி. அதன் மூலக்கூறில் இரண்டு குளோரின் அணுக்கள் உள்ளன. மற்றொன்று அதன் உறவுப் பொருள். அதில் குளோரின் அணுக்கள் மூன்று. இவ்வேற்றுமையை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். பெருங்கேட்டுக்குக் காரணமாயிற்று என்று கருதப்படும் மாசு, மூன்று குளோரின் கொண்ட பொருளைத் தயாரிக்கும்பொழுது உண்டானது. தொழிற்சாலைக் கலத்தில் வெப்பம் அளவுக்கு மீறும்போது, வேண்டாத துணைப்பொருளாக டையாக்ஸின் இனத்தைச் சேர்ந்த ஒரு நஞ்சு தோன்றுகிறது. டையாக்ஸின்களில் இதுவே மிகக் கொடியது. களைக்கொல்லியில் இதன் அளவு பத்து லட்சத்தில் சில பங்குகளே. எனினும் இது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆதலால் உடலின் கொழுப்பில் தங்கிவிடுகிறது. மனித உடலில் சேர்ந்த அளவு பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகின்றன.

மூன்று குளோரின் கொண்ட பொருள் பரிசோதனைச் சாலையில் எலிகளின் கருவைச் சிதைத்ததென்று 1969இல் செய்தி வெளியாயிற்று. 1970 ஏப்ரலில் ஏஜண்ட் ஆரஞ்சின் உபயோகம் நிறுத்திவைக்கப்பட்டது. 1976இல் இத்தாலி நாட்டில் செவெஸோ என்னும் ஊரருகே ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் விபத்து நேர்ந்து, டையாக்ஸின் புகை சுற்றுப்புறத்தில் பரவியது. சிறுவர் பலருக்குக் 'குளோரக்னி' என்னும் கொடிய முகப்பரு போன்ற தோல்நோய் கண்டது. 1997இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மேற்கூறிய கொடிய டையாக்ஸினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது.

தனி ஒருவரால் மெய்ப்பிக்க இயலாமை

வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கர் ஏறத்தாழ 26 லட்சம் பேர். 1970களின் பிற்பகுதியில் அவர்களுள் பலர் பல்வேறு நோய்களுடன் நல இலாகாவை அணுகினர். இலாகா சாதாரண விதிப்படி அத்தாட்சி கேட்டது. இங்கு இரண்டு தடைகள் எதிர்ப்பட்டன.

முதல் தடை பதிவேட்டைப் பற்றியது. விமானங்கள் எந்நாளில் எவ்விடத்தில் மருந்து தெளித்தன என்பதற்குக் குறிப்புகள் இருந்தன. ஆனால் ஒரு குறிப்பிட்ட சிப்பாய் அந்நாளில் அக்காட்டின் எந்த மூலையில் இருந்தார், அவர் உடலில் எவ்வளவு மருந்து பட்டது என்பதற்குக் குறிப்பு இல்லை. முகாம்களின் சுற்றெல்லையில் புல் வளராமல் இருக்கக் கையாலும் மருந்து தெளித்தார்கள். அதற்கோ முறையான கணக்கே கிடையாது. 1980களில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள், தரைப்படையினர் மருந்துக்கு ஆட்பட்ட அளவை இராணுவக் குறிப்புகளைக் கொண்டு கணக்கிட முயன்றன. குறிப்புகள் அதற்கு உதவா என்று கூறி அம்முயற்சியைக் கைவிட்டன. அரசாங்கத்தின் விஞ்ஞானிகளாலேயே இயலாத ஒன்றைத் தனி வீரர் ஒருவர் செய்து காட்டவேண்டும் என்று கோருவது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது தடை விஞ்ஞானத்தின் இயல்பிலேயே அமைந்தது. அதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பிலும் பயன்படுத்தலாம். நச்சுக்கு ஆட்படாத பதினாயிரம் பேரில் 20 பேருக்கு ஒரு நோய் வருகிறது என்று கொள்வோம். நச்சுக்கு ஆட்பட்ட பதினாயிரம் பேரில் 30 பேருக்கு அதே நோய் வருகிறது. வயது, புகைப்பழக்கம் முதலிய பிற காரணங்கள் இரு கூட்டத்திற்கும் பொதுவாயின், கூடுதலாக வந்த 10 பேரின் நோய்க்கு நச்சே காரணம் என்று கூறலாம். ஆனால் அந்த 30 பேரில் இப்பத்துப் பேர் யாவர்? இதற்கு எந்த மருத்துவராலும் விடை கூற இயலாது. நச்சால் வந்த கட்டியும் தானாக வந்த கட்டியும் நுண்பெருக்கியின் கீழ் ஒன்றுபோலவே தோன்றும்.

இந்த 30 பேரும் விண்ணப்பிக்கிறார்கள் என்க. அவர்களுள் எவரை எடுத்துக்கொண்டாலும் அவருடைய நோய்க்கு நச்சுக் காரணமாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு. பாதியளவு வாய்ப்பு வேண்டும் என்ற விதியின்படி முப்பது விண்ணப்பங்களும் தள்ளுபடியாகும். பத்துப் பேருக்கு அநீதி நேர்ந்தது உறுதி. எனினும் ஒருவருக்கும் உதவி கிடைக்கவில்லை. கூட்டத்தைப் பற்றி விஞ்ஞானம் உறுதியாகப் பேசுகிறது. தனிமனிதரைப் பற்றி மௌனமாக இருக்கிறது. உதவித்தொகை கேட்பவரோ தனிமனிதர். சிக்கலின் மையம் இதுவே.

நீதிமன்றத்திலிருந்து சட்டசபைக்கு

வீரர்கள் முதலில் மருந்து தயாரித்த கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தனர். ஏழு கம்பெனிகள் 1984 மே மாதத்தில் 18 கோடி டாலர் தந்து வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டன, குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. இத்தொகையிலிருந்து ஏறத்தாழ 52,000 வீரர்களும் அவர்தம் குடும்பத்தாரும் பணம் பெற்றனர். ஒருவருக்குச் சராசரியாகக் கிடைத்தது சுமார் 3,800 டாலர். ஆயுள் முழுவதும் தொடரும் நோய்க்கு இது எம்மாத்திரம் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

அதே 1984ஆம் ஆண்டில் காங்கிரஸ் சபை ஒரு சட்டம் இயற்றி, டையாக்ஸினாலும் அணுக்கதிரியக்கத்தாலும் விளைந்த இயலாமைக்கு விதிகள் வகுக்குமாறு இலாகாவைப் பணித்தது. 1985இல் இலாகா வகுத்த விதி, குளோரக்னி என்னும் தோல்நோயை மட்டுமே ஏற்றுக்கொண்டது. வீரர்கள் நீதிமன்றத்தை நாடினர். 1989இல் கலிபோர்னியாவிலுள்ள மத்திய அரசாங்க நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. நோய்க்கும் நச்சுக்கும் உள்ள காரண காரியத் தொடர்பை முற்றாக நிறுவவேண்டும் என்று இலாகா கேட்டது தவறு. புள்ளிவிவர முறையில் இணைப்புக் காணப்பட்டால் போதும் என்பதே சட்டத்தின் கருத்து என அத்தீர்ப்புக் கூறியது.

'காரணம்' என்பதற்கும் 'இணைப்பு' என்பதற்கும் உள்ள வேற்றுமை விஞ்ஞான மாணவர்க்குப் புதிதன்று. இரு நிகழ்ச்சிகள் கூடிக்கூடி வருமாயின் அது இணைப்பு. ஒன்று மற்றொன்றை விளைவிக்கிறது என்று காட்டினால் அது காரணம். நீதிமன்றத் தீர்ப்பினால் இவ்வேற்றுமை பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்க்கையைத் தீர்மானிப்பதாக ஆயிற்று.

1991ஆம் ஆண்டுச் சட்டம்

1991 பிப்ரவரியில் ஏஜண்ட் ஆரஞ்சுச் சட்டம் நிறைவேறியது. இதன் அடிப்படைக் கருத்தை நாம் 'சட்ட அனுமானம்' என்று குறிப்போம். மாறான சாட்சியம் வரும்வரை ஒன்றை உண்மையெனக் கொள்ளவேண்டும் என்று சட்டமே விதிப்பது இதன் பொருள். இச்சட்டம் இரண்டு அனுமானங்களைச் செய்தது.

முதலாவது, 1962 ஜனவரி 9ஆம் நாள் முதல் 1975 மே 7ஆம் நாள் வரையில் வியட்நாம் குடியரசில் பணியாற்றிய ஒவ்வொருவரும் களைக்கொல்லி மருந்துக்கு ஆட்பட்டார் என்று கொள்ளப்படும். எந்தக் காடு, எந்த நாள் என்று கேட்கவேண்டியதில்லை. இரண்டாவது, பட்டியலிலுள்ள நோய் அவருக்கு வந்தால் அது படைப்பணியால் வந்தது என்று கொள்ளப்படும். தனியே மருத்துவரின் கருத்துரை வேண்டியதில்லை. இவ்வாறாக மூன்று அத்தாட்சிகளுள் இரண்டின் பாரம் வீரரின் தோளிலிருந்து இறக்கப்பட்டது. நோய் இருப்பதையும் தாம் அந்நாட்டில் பணிபுரிந்ததையும் மட்டும் அவர் காட்டினால் போதுமானது. சில நோய்களுக்குக் கால எல்லையும் உண்டு. எடுத்துக்காட்டாக, குளோரக்னி ஓராண்டுக்குள் தோன்றியிருக்கவேண்டும்.

பட்டியலில் எந்நோயைச் சேர்ப்பது என்பதை ஆராயும் பணியைச் சட்டம் தேசிய விஞ்ஞானக் கழகத்திடம் ஒப்படைத்தது. கழகத்தின் நிபுணர் குழு உலகெங்கும் வெளியான ஆராய்ச்சிகளை ஈராண்டுக்கு ஒருமுறை பரிசீலித்தது. முதல் அறிக்கை 1994இல் வெளிவந்தது. வீரர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளை மட்டுமன்றி, களைக்கொல்லித் தொழிற்சாலைத் தொழிலாளர், விவசாயிகள், செவெஸோவின் மக்கள் ஆகியோரைப் பற்றிய ஆராய்ச்சிகளையும் குழு எடுத்துக்கொண்டது. வீரர்களின் பதிவேட்டில் இல்லாத விடை, நச்சின் அளவு தெரிந்த வேறு மக்களின் உடல்நிலையிலிருந்து கிடைத்தது.

ஒவ்வொரு நோயையும் குழு நான்கு வகுப்புகளுள் ஒன்றில் வைத்தது: இணைப்புக்குப் போதிய சாட்சியம் உள்ளது, குறைந்த அளவு சாட்சியம் உள்ளது, முடிவு கூறப் போதிய சாட்சியம் இல்லை, இணைப்பு இல்லை என்பதற்குச் சாட்சியம் உள்ளது. இவற்றுள் மூன்றாவதும் நான்காவதும் ஒன்றல்ல என்பதை மாணவர்க்கு வற்புறுத்திச் சொல்லவேண்டும். 'தெரியவில்லை' என்பது 'இல்லை' என்பதாகாது. முன்பு அலுவலகங்களில் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே பல விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டதற்குக் காரணம்.

பட்டியல் படிப்படியாக வளர்ந்தது. சட்டத்திலேயே குறிக்கப்பட்டவை குளோரக்னி, நிணநீர் மண்டலப் புற்றுநோய் வகை ஒன்று, மென்தசைப் புற்றுநோய் ஆகிய மூன்று. பின்னர் சுவாச உறுப்புகளின் புற்றுநோய்கள் சேர்க்கப்பட்டன. 1996இல் புராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோயும், 2001இல் நீரிழிவின் இரண்டாம் வகையும், 2010இல் இரத்தக் குறைவினால் வரும் இருதய நோயும் பார்க்கின்சன் நோயும் இடம்பெற்றன. வீரர்களின் குழந்தைகளுள் முதுகெலும்புப் பிளவுடன் பிறந்தோருக்கு உதவி வழங்க 1996இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது.

காலதாமதமும் ஆட்சேபனையும்

இம்முறைக்கு ஆட்சேபனை இல்லாமல் இல்லை. நீரிழிவும் இருதய நோயும் முதுமையில் யாருக்கும் வருவன. அவற்றுக்கெல்லாம் பொதுப்பணத்திலிருந்து உதவி வழங்குவது முறையா என்று சிலர் வினவினர். நமது கற்பனைக் கணக்குக்குத் திரும்பினால் இவ்வாட்சேபனையின் பொருள் விளங்கும். சட்ட அனுமானம் முப்பது பேருக்கும் உதவி தருகிறது. அவர்களுள் இருபது பேருக்கு நோய் எப்படியும் வந்திருக்கும். பத்துப் பேருக்குச் சேரவேண்டியதை மறுப்பதா, முப்பது பேருக்கும் கொடுப்பதா என்பதே அரசாங்கத்தின் முன்னுள்ள தேர்வு. இரண்டிலும் பிழை உண்டு. எந்தப் பிழையை ஏற்பது என்பதை விஞ்ஞானம் தீர்மானிப்பதில்லை, சமுதாயமே தீர்மானிக்கிறது. மருந்தைத் தெளித்ததும் வீரரை அங்கு அனுப்பியதும் கணக்கை எழுதாமல் விட்டதும் அரசாங்கமே ஆதலால், பிழையின் செலவையும் அரசாங்கமே ஏற்பது நியாயம் என்பது 1991ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பெறப்படும் கருத்து.

மற்றொரு குறை காலதாமதம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயையும் தைராய்டு சுரப்பிக் குறைவையும் குறைந்த அளவு சாட்சியம் உள்ள வகுப்பிற்குக் கழகம் 2016இல் உயர்த்தியது. அவை பட்டியலில் சேர்ந்தது 2021இல். இரத்தக் கொதிப்புக்குப் போதிய சாட்சியம் உண்டு என்று கழகம் 2018இல் கூறியது. சட்டம் அதனை ஏற்றது 2022இல். அறிக்கைக்கும் ஆணைக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் முதுமையடைந்த வீரர் பலர் காத்திருந்தனர். காத்திருந்தபடியே இறந்தவர்களும் உண்டு.

இங்கு ஒரு நடைமுறைச் செய்தி குறிப்பிடத்தக்கது. உதவித்தொகை பொதுவாக விண்ணப்பம் செய்த நாளை ஒட்டியே கணக்கிடப்படுகிறது. ஆனால் 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து ஏற்பட்ட உடன்பாட்டின்படி, முன்பு மறுக்கப்பட்டவரின் நோய் பின்னர் பட்டியலில் சேருமாயின், அவருடைய பழைய விண்ணப்பத் தேதியிலிருந்தே நிலுவை கணக்கிடப்படும். மறுப்புக் கிடைக்கும் என்று தெரிந்தும் விண்ணப்பித்து, அதன் நகலைப் பாதுகாத்து வைத்தவர் பயனடைந்தார். விண்ணப்பிக்காமலே இருந்தவருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

எரிகுழிகளும் 2022ஆம் ஆண்டுச் சட்டமும்

வியட்நாமில் கற்ற பாடம் அடுத்த யுத்தங்களில் உடனே பயன்படவில்லை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க முகாம்களின் கழிவுகளைத் திறந்த குழிகளில் இட்டு எரித்தனர். பிளாஸ்டிக், பெயிண்டு, மருத்துவமனைக் கழிவு, பழைய மின்கலங்கள் யாவும் விமான எண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டன. புகை வீரர்கள் உறங்கும் கூடாரங்களின்மீது படிந்தது. நாடு திரும்பியவர்கள் சுவாச நோய்களுக்கும் புற்றுநோய்களுக்கும் உதவி கேட்டபோது, அவ்விண்ணப்பங்களில் பெரும்பாலானவை மறுக்கப்பட்டன. எந்நாள், எவ்வளவு புகை என்ற பழைய வினாவே மீண்டும் எழுந்தது.

2022 ஆகஸ்டு 10ஆம் நாள் கையொப்பமான 'பாக்ட்' சட்டம் அனுமான முறையை இவர்களுக்கும் விரிவாக்கியது. குறிப்பிட்ட நாடுகளில் குறிப்பிட்ட தேதிக்குப்பின் பணியாற்றியவர்கள் நச்சுப்புகைக்கு ஆட்பட்டவர்களாகக் கொள்ளப்பட்டனர். இருபதுக்கு மேற்பட்ட நோய்கள் பட்டியலில் சேர்ந்தன. வியட்நாம் காலத்து வீரர்களுக்கும் இரத்தக் கொதிப்பு இதனால்தான் சேர்ந்தது. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா முதலிய இடங்களில் பணியாற்றியோரும் இதில் அடங்கினர். 2024 மே மாதத்திற்குள் இச்சட்டத்தின்கீழ் பத்து லட்சம் விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டதாக இலாகா அறிவித்தது. அனுமானம் இல்லாத காலத்தில் எத்துணைப் பேர் வாயிலில் நின்றிருந்தனர் என்பதற்கு இவ்வெண்ணே சான்று.

இயலாமையின் அளவைக் கணக்கிடும் முறை

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் இயலாமையின் அளவு நிர்ணயிக்கப்படுகிறது. இது பூஜ்யம் முதல் நூறு சதவிகிதம் வரை பத்துப் பத்தாக உயரும். நோய்கள் பலவாயின் அவற்றின் சதவிகிதங்களை நேராகக் கூட்டுவதில்லை. ஒருவருக்கு இருதய நோயால் 60, நீரிழிவால் 20 சதவிகிதம் என்று கொள்வோம். முழு மனிதரின் நூறு பங்கில் 60 பங்கு முதலில் கழிகிறது, எஞ்சியது 40. அடுத்த நோய் இந்த எஞ்சிய 40இல் 20 சதவிகிதத்தை, அதாவது 8 பங்கைக் கழிக்கிறது. ஆக மொத்தம் 68. அருகிலுள்ள பத்துக்கு மாற்றினால் 70. நேராகக் கூட்டியிருந்தால் 80 வந்திருக்கும். எத்தனை நோய் வந்தாலும் ஒருவருடைய இயலாமை நூறைத் தாண்டாது என்ற எண்ணத்தின்மீது இக்கணக்கு அமைந்துள்ளது. சதவிகிதப் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு இது நல்ல பயிற்சி.

எல்லைக்கு வெளியே நின்றவர்கள்

அனுமானம் என்பது ஒரு கோடு. கோட்டிற்கு உள்ளே இருப்பவர் எளிதில் உதவி பெறுகிறார். ஓர் அடி வெளியே இருப்பவர் எல்லாவற்றையும் தாமே மெய்ப்பிக்கவேண்டும். வியட்நாம் கடற்கரைக்கு அப்பால் கப்பல்களில் பணியாற்றிய கடற்படையினர் நெடுங்காலம் வெளியே நிறுத்தப்பட்டனர். 2019இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பும், அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமும் கரையிலிருந்து 12 கடல்மைல் வரையுள்ள பரப்பில் பணிபுரிந்தோரை உள்ளே கொண்டுவந்தன.

மருந்து பொழிந்த நிலத்திலேயே வாழ்ந்த வியட்நாம் மக்கள் இக்கோட்டிற்கு முற்றிலும் வெளியே உள்ளனர். முப்பது லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டதாக வியட்நாம் செஞ்சிலுவைச் சங்கம் மதிப்பிட்டுள்ளது. அவர்கள் சார்பில் 2004இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு 2005இல் தள்ளுபடியாயிற்று. வியட்நாம் அரசாங்கம் தன் மக்களுக்கு மாதாந்தர உதவி வழங்கி வருகிறது. பீப்பாய்கள் சேமிக்கப்பட்டிருந்த டா நாங் விமான நிலையத்தின் நச்சு மண்ணைத் தூய்மைப்படுத்தும் பணி, அமெரிக்க உதவியுடன் 2012இல் தொடங்கி 2018இல் முடிந்தது. மண்ணுக்குச் செய்த அளவும் மனிதருக்குச் செய்யப்படவில்லை என்ற குறை இன்னும் பேசப்படுகிறது.

நமக்குரிய பாடம்

இந்நெறி நம் நாட்டிற்கு அயலானதன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், தொழில்நோய்களின் பட்டியல் ஒன்றைத் தன் மூன்றாம் அட்டவணையில் கொண்டிருந்தது. ஈயத்தோடு பழகும் தொழிலாளிக்கு ஈய நஞ்சேற்றம் வந்தால் அது தொழிலால் வந்ததென்றே கொள்ளவேண்டும் என்பது அதன் கருத்து. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இத்தகைய பட்டியல் உண்டு. படைவீரர் விஷயத்தில், சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னர் கண்டால் அதற்குப் பணி காரணமன்று என்று காட்டும் பொறுப்பு வீரருடையதன்று என, அப்பொழுதிருந்த விதிகளை ஆராய்ந்து உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. இவ்விதிகள் 2023இல் புதிதாக வகுக்கப்பட்டன.

களப்பணியாளர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளவேண்டிய பாடம் எளிது, அன்றாடம் கடைப்பிடிக்கக்கூடியது. வியட்நாமில் குறைந்துபோனது மருத்துவ அறிவு மட்டுமன்று, எழுதிவைத்த குறிப்பும் ஆகும். பூச்சிமருந்து தெளிப்போர், கல்லுடைப்போர், சாயத்தொழிலாளர் முதலியோருடன் பழகும் பணியாளர், மருந்தின் பெயர், தேதி, இடம், வேலை செய்த நேரம், செய்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு ஏட்டில் குறித்துவைத்தல் வேண்டும். மருந்துப் புட்டியின் சீட்டை எறிந்துவிடாமல் ஒட்டிவைத்தலும் நன்று. உடல்நலக் குறைவு கண்டால் அதனையும் தேதியுடன் எழுதவேண்டும். அதன் நகலைத் தொழிலாளியிடமே கொடுக்கவேண்டும். இன்று இரண்டு நிமிடத்தில் எழுதும் ஒரு வரி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு குடும்பத்தின் ஒரே அத்தாட்சியாக இருக்கக்கூடும்.

ஆசிரியர்கள் 'தெரியவில்லை', 'இல்லை' என்னும் இரு சொற்களின் வேற்றுமையை மாணவர் மனத்தில் பதியவைப்பார்களாக. அம்மாணவருள் சிலர் நாளை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளாக அமர்வர். எதிரே நிற்பவரின் கையில் அத்தாட்சி இல்லாதபோது, அது ஏன் இல்லை, அதை எழுதிவைத்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இருத்தல் வேண்டும்.